கும்பிடுபூச்சியின் வயிற்றில் என் பெயர்

நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகல்ல. மட்சுமோட்டோ ஊர்ல, போன ஆகஸ்ட் பதிமூணாம் தேதி.

பதினோரு மாசம் உயிரைக் கொடுத்து இரும்புல ஒரு கும்பிடுபூச்சி செஞ்சேன். தலை திரும்பும், இறக்கை விரியும், கால் ஒவ்வொண்ணும் மடங்கும். ஆனா அது வயித்துல வெட்ட வேண்டியது என் பேரு இல்ல. எங்க பட்டறையில யாரு செஞ்சாலும் முதலாளி இவாசே பேருதான். மனுஷன் பனிக்காலத்துலயே செத்துட்டார். அப்பவும் அவர் பேருதானாம்!

"வழக்கத்தை மாத்தாத கினுயோ. அவரு இன்னிக்கு வீட்டுக்கு வர்றாரு"ன்னு சொல்லிட்டு அவர் மனைவி சனாயே அம்மா கல்லறைக்குக் கிளம்பினாங்க. மரப்பட்டை கொளுத்தி, செத்தவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற நாள் அது.

"வரட்டும்மா. வந்து பாக்கட்டும்"னேன்.

பூச்சியைக் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போக நாலு மணிக்கு வண்டி வரும். அதுக்குள்ள என் பேரை வெட்டிடணும்னு உளியை எடுத்தேன்.

2.10. 'கினுயோ'ன்னு வெட்டி முடிச்சேன். கை கழுவிட்டு வந்தா... பூச்சியோட தலை என் பக்கம் திரும்பியிருக்கு. ஆணி தளர்ந்திருக்கும்னு நேரா வச்சேன்.

2.35. சர்ர்... சர்ர்... அரம் போடுற சத்தம். பட்டறையில நான் மட்டுந்தான்.

பூச்சியைப் புரட்டினேன். வயிறு வழுவழுன்னு இருக்கு. பேரைக் காணோம்.

எனக்குப் பயத்தைவிட ஆத்திரந்தான் வந்துச்சு. மறுபடி வெட்டினேன். கண்ணெதிர்லயே அழிஞ்சது.

3.05. மூணாவது தடவை. உளி பிடிச்ச என் கைமேல ஒரு கை... ஐஸ் மாதிரி.

"விடுய்யா. வீடு உன்னுது. பூச்சி என்னுது."

விடல.

நானும் விடல.

அப்ப இன்னொரு கை வந்துச்சு. சின்னக் கை. முதல் கையைப் பிரிச்சு எடுத்துச்சு...

விரல் விரலா.

அப்புறம் சத்தமே இல்ல. என் பேரு நின்னுச்சு. வண்டியும் வந்து எடுத்துட்டுப் போச்சு.

மறுநாள் ஒரு மியூசியத்துலேர்ந்து போன். இவாசே பேர்ல அங்க ஒரு இரும்பு நண்டு இருக்கு. பூட்டின கண்ணாடிப் பெட்டிக்குள்ள இரும்புத் தூள் கொட்டிக் கிடக்கேன்னு புரட்டிப் பாத்தாங்களாம். அவர் பேரு இல்ல. 'மிட்சு'ன்னு புதுசா வெட்டியிருக்காம். கேமராவுல ஆளே இல்ல. நண்டு தானா மல்லாந்து, மறுபடி தானா கவுந்திருக்கு. நேரம், முந்தின நாள் 3.05.

"யாரும்மா மிட்சு?"

சனாயே அம்மா என் மேசையைக் காட்டினாங்க.

"உனக்கு முன்னால உன் மேசையில உக்காந்தவ. அந்த நண்டு அவ செஞ்சதுதான். தன் பேரை வெட்டணும்னு கேட்டா, அவரு விடல. அவ செத்தே முப்பத்தோரு வருஷமாச்சு."

நேத்து இன்னொரு மியூசியத்துலேர்ந்து கூப்பிட்டாங்க. இவாசே பேர்ல இருந்த இரும்பு மீன்லயும் 'மிட்சு'ன்னு விழுந்திருக்காம். பழையபடி மாத்தித் தர முடியுமான்னு கேட்டாங்க.

முடியாதுன்னுட்டேன்.