நாகப்பட்டினம் ஒரு பகல் தூரம்

சுங்கை பீசி மைதானத்துல ஆகாயக் கப்பல் எறங்குதுன்னு எங்க பிரிக்பீல்ட்ஸ் ஊரே கெளம்பிப் போச்சு. எங்க ரயில்வே குவாட்டர்ஸ்ல நான் ஒருத்திதான் பாக்கி. நெறமாசக்காரி வீட்டை விட்டு நகரக் கூடாதாம். ரயில் பட்டறையில வேலை பாத்த எங்க வீட்டுக்காரர் போயிட்டு, தலையெல்லாம் புழுதியும் வாயெல்லாம் பல்லுமா திரும்பி வந்தார்.

"நாகப்பட்டினம் எவ்வளவு தூரம்னு கேட்டீங்களா?" அதைக் கேட்டு வரச் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன்.

"கேட்டேன் புள்ள. கடல் மேல நேராப் பறந்தா ஒரு பகல் போதுமாம். ஆனா நேராப் போவாதாம். ரங்கூன், கல்கத்தான்னு எறங்கி எறங்கித்தான் போவுமாம்."

பின்னாடி சொன்னது எதுவும் என் காதுல ஏறல. ஒரு பகல். நாகப்பட்டினத்துல எங்க வீட்டுல காலையில பழையது சாப்பிட்டுக் கெளம்பினா, வெளக்கு வைக்க அம்மா கடல் தாண்டி இங்க. தலைப்பிரசவம் அம்மா வீட்டுல நடக்கணும். என்னால போக முடியல, அதனால அம்மா இங்க வர கப்பல் ஏறியிருந்தா. புள்ள முந்துமா, அம்மா முந்துவாளான்னு நாளை எண்ணிக்கிட்டே இருந்தேன். அக்கம்பக்கத்துல ஆயிரம் பேர் இருக்கட்டும், வலி வர்ற நேரத்துல புடிச்சுக்க அம்மா கைதான் வேணும் எனக்கு.

அம்மாதான் முந்தினா. கப்பல் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்துடுச்சுன்னு கேட்டதும், குனிய முடியாம குனிஞ்சு வாசல்ல பெருசாக் கோலம் போட்டேன். சாயங்காலம் பாத்தா, கூட்டிட்டு வரப் போனவர் தனியா வந்து நிக்கிறார். கப்பல்ல யாருக்கோ அம்மையாம். மேல அறையில வந்த தொரைமாரையும் காசுள்ளவங்களையும் டாக்டர் பாத்துட்டு விட்டுட்டாராம். வெட்டவெளி டெக்குல வந்த ஏழைபாழைங்களை மட்டும் மொத்தமா ஓட்டிக்கிட்டுப் போயி, அம்மை பரவாம இருக்கன்னு முகாம்ல அடைச்சாச்சாம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு அம்மா கேட்டது ஒண்ணுதானாம். "வலி கண்டுடுச்சா மாப்பிள்ளை?"

கடலையே தாண்டிட்டா. மிச்சம் ஒரு மணி நேர ரயில். அதைத் தாண்ட விடல பாவிங்க. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சும்மாவா சொன்னாங்க. மறுநாளும் அவர் போனார், வேலி வரைக்கும் போயி அம்மாவைப் பாத்துட்டுத் திரும்பினார்.

அதுக்கப்புறம் ஒரு விடியக்காலையில வலி வந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா என்னை நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. குறை சொன்னா நாக்கு அழுகிப் போகும். ஆனா நான் கத்துனதெல்லாம் அம்மாவைக் கூப்பிட்டுத்தான்.

முகாம்லேருந்து விட்டு அம்மா வந்து சேந்தப்ப என் மகளுக்குத் தொப்புள்கொடி காஞ்சு விழுந்திருந்துச்சு. ஊர்லேருந்து சொமந்துட்டு வந்த லேகியச் சட்டியை எறக்கி வெச்சா. புள்ளையைக் கூடத் தூக்கல. என் தலையைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தா.

அந்த நேரம் பாத்து ஆகாயக் கப்பல் ஒண்ணு கூரைக்கு மேல உறுமிக்கிட்டுப் போச்சு.

"அதுல வந்திருந்தா ஒரே பகல்மா"ன்னேன்.

அம்மா அண்ணாந்துகூடப் பாக்கல. "அதுலயும் நம்மளத்தானேடி அடைச்சு வெப்பாங்க."