சம்மதம் படித்த சனிக்கிழமைகள்

இங்கிலாந்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதியோர் இல்லத்தில், ஒரு நாள் காலை வழக்கமான அறைக்குள் போனபோது கட்டில் வெறுமையாகக் கிடந்தது. விரிப்பை மாற்றி, தலையணையைத் தட்டி வைத்து, யன்னலைத் திறந்து விட்டிருந்தார்கள். அந்த அறை முதியவரை முந்தின நாள் மாலை நான்தான் குளிப்பாட்டி, சவரம் செய்து, கம்பளிச் சட்டை போட்டுவிட்டுப் போனேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் அவர் எங்கே என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கா, மகன் வீட்டுக்கா, அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை. அவள் அன்பாகத்தான் கேட்டாள்: “நீ அவருடைய குடும்பமா?” இல்லை என்றேன். “அப்படியென்றால் அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, ஜெஸ்.” நான் அவரைக் குளிப்பாட்டுகிறவள் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டாள். “கவலைப்படாதே, இன்றைக்கு அந்த வேலை உனக்கு இல்லை” என்று ஆறுதல் சொல்லி, ஒரு தேநீர் போட்டுத் தந்தாள். நான் புதிது, அன்று முழுக்க அவர் இறந்துவிட்டார் என்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு இது விளங்குமோ தெரியாது. திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், பாண் விற்கும் ஓட்டோ அடுத்த சந்திக்குப் போகுமுன் அந்தச் செய்தி போய்விடும். எனக்கு இங்கிலாந்து விசா கிடைத்ததை என் கணவர் அன்ரனுக்கு நான் சொல்லுமுன், அவர் வேலை செய்யும் துறைமுகக் கரையில் கிண்ணியாவிலிருந்து படகு எஞ்சின் திருத்தக் கொண்டுவந்த ஒருவர் சொல்லி வாழ்த்தியிருக்கிறார். நானும் திருகோணமலையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில்தான் கோப்புகளைப் பார்த்தனான். யாராவது உள்ளே வந்து, “தங்கச்சி, எங்கட மச்சானுக்கு லீவு குடுத்திட்டாங்களோ எண்டு ஒருக்காப் பாருங்கோ” என்பார்கள். எடுத்துப் பார்த்துச் சொல்வேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் அந்த நாட்களில் நினைத்தேன்.

நான் வெளிக்கிட்டது எரிபொருள் வரிசைகள் ஓய்ந்து சில காலத்துக்குப் பிறகு. அந்தப் பஞ்சத்தில் படகுகள் கரையில் கிடந்தன. எஞ்சின் திருத்த எவரும் வரவில்லை. அதற்குள் அன்ரனுக்கு இடுப்பில் நாரி எலும்பு விலகி, எஞ்சின் தூக்க ஏலாமல் போயிற்று. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான்தான் விண்ணப்பித்தேன். எங்கள் மகள் ஷெரின் அப்போது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் சோதனையை எழுதட்டும், பிறகு இருவரையும் கூப்பிடுவோம் என்று நானும் அன்ரனும் குசினிக்குள் நின்று முடிவெடுத்தோம். அவள் சோதனை எழுதினாள், நன்றாகவே எழுதினாள். ஆனால் அதற்கிடையில் இங்கே சட்டம் மாறிவிட்டது. பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள் இனிமேல் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. எங்களுடைய விண்ணப்பம் அதற்குள் அகப்பட்டுவிட்டது. அந்தச் செய்தியை நான் தொலைபேசியில் சொன்னபோது அந்தச் சட்டம் எப்போது வந்தது என்று மட்டும் அன்ரன் விசாரித்தார். பிறகு, “சரி, நீ சாப்பிட்டியோ?” என்று கேட்டார்.

இன்னும் உயர்ந்த தரத்து வேலை ஒன்றுக்கு மாறினால் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று அறிந்தபின், என் கண் எப்போதும் அறிவித்தல் பலகையிலேயே இருந்தது. ஒரு நாள் எங்கள் முகாமையாளர் ஜூலி, நிறுவனத்தின் எல்லா இல்லங்களுக்கும் சேர்த்துத் தரவுகளுக்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும், அதற்கான பயிற்சி இணையவழியில் நடக்கப்போகிறது, முடிப்பவர்களிலிருந்து ஒருவரை எடுப்பார்கள் என்று சொன்னாள். டேட்டா கவர்னன்ஸ் என்றாள். தரவு ஆளுகை என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஏதோ அரசாட்சி மாதிரி இருந்தது. அலுவலக அனுபவமும் பட்டமும் இருக்கிறது என்று என் பெயரைக் கொடுத்தேன். ஜூலி ஆச்சரியப்பட்டாள். நான் அங்கே அலுவலகத்தில் இருந்தவள் என்பது அவளுக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வகுப்பு சனிக்கிழமை காலையில். படிப்பித்தவர் கிரேம் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். தன் வீட்டுக் குசினியிலிருந்து கதைப்பார், பின்னால் அவருடைய பூனை குறுக்கும் நெடுக்கும் போகும். அந்த நேரம் திருகோணமலையில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். நான் கணினியில் வகுப்பைப் போட்டு, பக்கத்தில் தொலைபேசியைச் சீனி டின்னில் சாய்த்து வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்து வைப்பேன். அங்கே ஷெரின் தன் பாடப் புத்தகத்தோடு மேசைக்கு வருவாள். இரண்டு பேரும் எங்கள் எங்கள் படிப்பைப் படிப்போம். அதிகம் கதைப்பதில்லை. அவள் பென்சில் சீவுவது கேட்கும், காகம் கேட்கும், அன்ரன் கதிரையை இழுப்பது கேட்கும். அந்த நேரத்துக்காகத்தான் நான் கிழமை முழுக்க வேலை செய்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு முறை அன்ரன் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “உது என்ன படிப்பு?”

“ஒரு நிறுவனத்திட்ட இருக்கிற ஆக்களின்ர விபரங்களை ஆர் பாக்கலாம், ஆர் மாத்தலாம், எவ்வளவு காலம் வைச்சிருக்கலாம், எப்ப அழிக்க வேணும் எண்டு முடிவெடுக்கிறது.”

“அப்ப ஸ்டோர் கீப்பர் வேலை.”

“ஓம், ஆனா சாமான் எல்லாம் மனுசர்.”

ஷெரின் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே சிரித்தாள்.

தகவலை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்ற பாடத்தில், தேவைக்கு மேலாக நாங்கள் வைத்திருக்கும் ஒன்றைச் சொல்லுமாறு கிரேம் எல்லோரையும் கேட்டார். பழைய மின்னஞ்சல்கள் என்றார் ஒருவர். வேலையை விட்டுப் போனவர்களின் வங்கி விபரம் என்றார் இன்னொருவர். என் முறை வந்தபோது, நான் இங்கே வந்த புதிதில் என் மகள் அனுப்பிய குரல் பதிவுகள் என்றேன். இப்போது அவளுடைய குரல் மாறிவிட்டது, அந்தக் குரல் வேறெங்கும் இல்லை என்றும் சொன்னேன். கிரேம் முகத்தில் ஒரு புன்னகை. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாரோ, அல்லது பாடத்தை விளங்கவில்லை என்று நினைத்தாரோ. “அது வீட்டு விஷயம். ஒரு வீட்டுக்குள் இருப்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது” என்று விளக்கிவிட்டு அடுத்தவரிடம் போனார். அவர் சொன்னது சரிதான். சோதனையிலும் அது வந்தது. ஆனால் அன்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கமராவை நிறுத்திவைத்தேன்.

அதற்குப் பிறகு சம்மதம் பற்றிய பாடம் வந்தது. ஒருவருடைய விபரத்தை எடுப்பதற்குச் சம்மதம் கேட்பதாயிருந்தால் எப்படிக் கேட்க வேண்டும் என்று இரண்டு சனிக்கிழமைகள் நடந்தது. பாடம் முடிய ஷெரின் கேட்டாள்:

“அம்மா, கன்சென்ற் எண்டு அவர் திருப்பித் திருப்பிச் சொன்னவர். அது என்ன?”

“சம்மதம் பிள்ளை. முதல் விளங்கப்படுத்த வேணும். பிறகு கேக்க வேணும். மாட்டன் எண்டு சொன்னாலும் கோவிக்கக் கூடாது. ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு வேண்டாம் எண்டு சொல்லவும் விட வேணும்.”

“ஒண்டும் பேசாம இருந்தா?”

“அது சம்மதம் இல்லையாம்.”

அவள் ம் என்றாள். நாங்கள் வளர்ந்த இடத்தில் பேசாமல் இருந்தால் ஓம் என்றுதானே அர்த்தம். இவர்களுக்கு எல்லாம் தலைகீழ் என்று நான் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவுமில்லை.

நான் பயிற்சிச் சோதனையில் சித்தியடைந்தேன். நேர்முகத்தில் ஜூலி எனக்காகக் கதைத்திருக்கிறாள் என்று பிறகு அறிந்தேன். வேலை மாறியது, விசா மாறியது, குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று கடிதமும் வந்தது. நகரத்தின் ஓரத்தில் இரண்டு அறை வீடொன்று பார்த்தேன். சின்ன அறையின் யன்னலால் ஒரு மரம் தெரியும். ஷெரினுக்கு அது பிடிக்கும் என்று அதை எடுத்தேன். தொலைபேசியில் சொன்னபோது அன்ரன், “பிள்ளையோட கதைச்சிட்டுச் சொல்லுறன்” என்றார். நான் ஊருக்கு விமானம் ஏறும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோசத்தில் வாயடைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இருவரையும் கையோடு கூட்டிவருவதற்கான அலுவல்களை முடிக்கத்தான் ஊருக்குப் போனேன். வாசலில் ஷெரின் நின்றாள். என் தோளுக்கு மேலே வளர்ந்திருந்தாள். கட்டிப்பிடித்தாள், ஆனால் ஆறுதலாக, மெல்லப் பிடித்தாள், நான் உடைந்துவிடுவேன் என்ற மாதிரி. அன்ரன் புதுச் சவர்க்காரமும் புதுத் துவாயும் எடுத்து வைத்திருந்தார். பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா படலையில் நின்று ஏதோ கேட்க, ஷெரின் உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: “ஓம் அன்ரி, அம்மா வந்து நிக்கிறா.”

எங்கள் பக்கத்தில் விருந்தாளிகளைத்தான் வந்து நிற்கிறார்கள் என்போம். வீட்டுக்காரர் வந்து நிற்பதில்லை, வருவார்கள், இருப்பார்கள். அவள் யோசித்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, குளிருக்கான உடுப்புகளைக் கட்டிலில் பரப்பி அவளுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் கோட் ஒன்றைக் கையில் வாங்கி, மடித்து, திரும்பவும் கட்டிலில் வைத்தாள்.

“அம்மா, நான் வரேல்ல.”

“ஏன் பிள்ளை? பள்ளிக்கூடம் எல்லாம் பாத்திட்டன். உனக்கெண்டு ஒரு அறை...”

“என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. நீங்கள் போகேக்கையும் கேக்கேல்ல. இப்ப வரச் சொல்லேக்கையும் கேக்கேல்ல.”

“நீ ஒண்டும் பேசாமத்தானே இருந்தனீ?”

“பேசாம இருந்தா சம்மதம் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள். பிறகுதான் அழுதாள். தனக்கு இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, கோயில் பாடகர் குழு இருக்கிறது, நான் போன பிறகு இரவில் தனக்குத் துணையாகப் படுத்து எழும்பிய சிநேகிதப் பிள்ளை இருக்கிறாள், அப்பாவுக்கு அங்கே குளிரில் நாரி பிடிக்கும், என்று ஒன்றொன்றாகச் சொன்னாள். “நான் ஒருக்கா எல்லாத்தையும் விட்டுப் பழகினனான் அம்மா. இன்னொருக்கா ஏலாது” என்றாள். அவள் எல்லாத்தையும் என்று சொன்னது என்னை.

“நீங்கள் இஞ்ச வந்திருங்கோவன்” என்றாள் கடைசியில். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அவளுடைய பள்ளிக்கூடம், அன்ரனின் மருந்து, இந்த வீட்டு அடுப்பு, எல்லாம் நான் அங்கே இருப்பதால்தான் நடக்கிறது. அந்தப் பதிலை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் எப்படி வைப்பது? அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அன்ரனிடம் கேட்டேன். அவர் முற்றத்தில் படகு எஞ்சின் ஒன்றின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“தெரியும். நீ அந்தப் படிப்புக்குப் பட்ட பாட்டைப் பாத்தனான். எப்பிடிச் சொல்லுறது?”

“நீங்கள் எண்டாலும் வாருங்கோவன்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஜெசி, பிள்ளையைத் தனிய விட்டிட்டு நான் வரேலாது. அவளுக்கு ஒரு ஆள் போதும் விட்டிட்டுப் போக.”

அவர் சொன்ன கையோடு தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். நான் கோபிக்கவில்லை. அந்தத் துணியை வாங்கி மிச்சத்தை நான் துடைத்தேன்.

கொழும்புக்குப் போகவேண்டிய விசா அலுவலுக்கு நாங்கள் போகவில்லை. இருவருக்கும் போட்டிருந்த விண்ணப்பத்தை மீளப் பெறுவதாக நானே எழுதி அனுப்பினேன். மிச்சமிருந்த நாட்களில் ஷெரின் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள், மீன் எங்கே நல்லது, எந்த மாஸ்டர் நல்லாப் படிப்பிக்கிறார், எந்தக் கடையில் முன்பு இருந்தவர் இப்போது இல்லை என்றெல்லாம் காட்டித்தந்தாள். என்னுடைய ஊரை எனக்கு அவள் அறிமுகம் செய்தாள். நான் கேட்டுக்கொண்டு நடந்தேன். நீலக் கோட்டை அவளுக்குத் தெரியாமல் என் பையிலேயே திரும்ப வைத்தேன். இனி வளர்ந்துவிடுவாள், அளவாக இராது என்று தெரிந்தும் வைத்தேன்.

புறப்பட்ட நாள் காலை கொழும்பு பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு இருவரும் வீதியோரம் நின்றார்கள். பஸ் வளைவில் திரும்ப, அவர்கள் கை காட்டுவது மறைந்தது. கொஞ்சத்தில் தொலைபேசி அடித்தது.

“அம்மா, எவடத்தில போறீங்கள்?”

“கப்பல்துறை தாண்டுறன்.”

“யன்னல் பக்கமோ?”

“ஓம்.”

பிறகும் எடுத்தாள். தம்பலகாமம் என்றேன். வயல் விளைஞ்சிட்டுதோ என்று கேட்டாள். ஒரு பக்கம் வெட்டுது, ஒரு பக்கம் பச்சை என்றேன். அப்பா தேத்தண்ணி குடிக்கிறார் என்றாள், அவருக்குக் குரல் கம்மிப்போச்சு என்றாள். என் குரலும் கம்மியிருந்ததை அவள் கண்டுபிடித்திருக்க வேண்டும். பெரியவர்கள் போல ஒரு மூச்சு விட்டு, மெதுவாக, மிகவும் பரிவோடு சொன்னாள்:

“அழாதேங்கோ அம்மா. பத்திரமாப் போங்கோ. வீட்ட போய்ச் சேர்ந்தவுடன ஒரு மெசேஜ் போடுங்கோ.”

வீட்டை விட்டு வந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. பஸ் கந்தளாய்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நான் யன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, “ஓம் பிள்ளை, வீட்ட போனவுடன போடுறன்” என்றேன்.