கல்யாண வீட்டில் மூச்சை இழுத்தவன்

உங்கள் அக்கா கல்யாணத்தில் நான் ஏன் மவுத் ஆர்கன் வாசிக்கவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். களைப்பு என்று சொல்லிவிட்டேன். அது உண்மைதான், ரொம்ப வருஷமாகச் சேர்ந்த களைப்பு. வாயால் சொன்னால் எனக்குக் கோவையாக வராது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தச்சு வேலைக்குக் குயிலாப்பாளையம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குக் கதவு ஜன்னல் செய்யும் வேலை. மத்தியானத்தில் அவர் டேப் ரெக்கார்டர் போடுவார். ஒருநாள் அதில் மவுத் ஆர்கன் கேட்டது. அதற்கு முன்பே நான் வாசிப்பேன். புதுச்சேரியில் வாங்கிய ஒன்றில் சினிமாப் பாட்டெல்லாம் ஊதுவேன். இது வேறு மாதிரி இருந்தது. ஒரு ஆள் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி. கையிலிருந்த இழைப்புளியை வைத்துவிட்டு நின்றேன். இதற்கு ப்ளூஸ் என்று பெயர், அமெரிக்காவில் பருத்திக்காட்டில் பாடுபட்ட கறுப்பு ஜனங்களின் பாட்டு என்று அவர் அரைகுறைத் தமிழில் சொன்னார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கேசட்டை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்க விட்டார்.

அதன் சூட்சுமம் மூச்சை உள்ளே இழுப்பதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. இழுக்கும்போது நாக்கைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோனால், சுரம் நின்ற இடத்தில் நிற்காமல் சரிந்து இறங்கும். அழுகை வருவது அந்தச் சரிவில்தான்.

அப்போது விழுப்புரத்தில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழு இருந்தது. ஆர்மோனியம் வாசிப்பவர்தான் தலைவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம். மேடையில் ஓரமாக எனக்கு ஒரு இரும்பு நாற்காலி கொடுத்தார். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்கு அது பெரிது. பகலெல்லாம் மரத்தூளில் கிடப்பவனை, சாயங்காலம் வெள்ளைச் சட்டையோடு நாலு பேர் பார்க்க உட்கார வைத்தது அந்த நாற்காலிதான். அது போய்விடக் கூடாது என்பதே அந்த வருஷங்களில் எனக்கிருந்த பயம்.

முதல் கல்யாணத்திலேயே ஒரு பாட்டின் நடுவில் இழுத்து வாசித்தேன். கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ட்ரம்ஸ் அடிக்கிறவன் குனிந்து, "அண்ணே, ஆஸ்துமாவுக்கு நல்ல மாத்திர கீது, வாங்கியாரட்டா?" என்றான். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"ஊதுறதோட நிறுத்திக்க. இந்த இழுக்குற வேலையெல்லாம் வேணாம். கல்யாண வூட்ல ஒப்பாரி வச்சா எவன்யா அடுத்த தபா கூப்புடுவான்?"

அவர் சொன்னது நியாயம். அதற்குப் பிறகு கல்யாணங்களில் ஊதினேன், கருமாதிகளில் இழுத்தேன். கருமாதியில் படத்திறப்பு வைக்கிறவர்கள் மாஸ்டரையும் என்னையும் மட்டும் கூப்பிடுவார்கள். அதுவரை அழாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள்கூட நான் வாசித்தால் உட்கார்ந்து அழுதுவிடுவார்கள். கிளியனூரில் ஒரு அம்மாவின் கருமாதியில் அப்படி வாசித்தேன். கணவர் மல்லாட்டை பயிர் வைப்பவர். ஒரே மகள். அவள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருஷம் திரும்புவதற்குள் அந்தப் பெண்ணுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் கச்சேரிதான். வரவேற்பில் இரண்டொரு பாட்டு முடிந்ததும் அவள் அப்பா மேடை ஓரமாக வந்து என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"தம்பி, அவ அம்மா கருமாதில வாசிச்சீங்களே, அத வாசிக்கச் சொல்லி பொண்ணு கேக்குது. நான் வேணாம்னுதான் சொன்னேன். காலையிலேர்ந்து அது ஒண்ணும் சாப்புடலீங்க."

மாஸ்டர் காதிலும் விழுந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் பெண்ணைப் பார்த்தேன். மாலை கனத்தில் கழுத்து குனிந்திருந்தது, கண் மட்டும் என் பக்கம் இருந்தது.

அடுத்த பாட்டில் நடுவே எனக்கென்று ஒரு இடம் வரும். அதில் யாருக்கும் தெரியாமல் மெதுவாக வாசித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மைக் செட்காரரை மறந்துவிட்டேன். சத்தம் குறைகிறதே என்று அவர் நல்ல மனசோடு ஏற்றிவிட்டார். நான் இழுத்தது மண்டபம் முழுக்க, வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலும் சேர்த்துக் கேட்டது. பாதியில் நிறுத்துவது அதைவிட மோசம் என்று பட்டதால் கடைசிவரை வாசித்தேன். பெண் சத்தமில்லாமல் அழுதாள்.

மாப்பிள்ளையின் மாமா மேடை ஏறி வந்தார். "அவுங்க சொன்னாங்கன்னா எழவு வூட்டுப் பாட்ட வாசிச்சிடுவியா? நாளைக்கி எங்க புள்ளைக்கி ஒண்ணு ஆச்சின்னா நீயா வந்து பதில் சொல்லுவ?"

மாஸ்டர் எழுந்து அவர் கையைப் பிடித்து எனக்காக மன்னிப்புக் கேட்டார். என்னை மேடைக்குப் பின்னால் போய் இருக்கச் சொன்னார். பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்து, "சாப்புட்டுச்சிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் டீக்கு வேன் நின்றது. மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "உம்மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா இனிமே கல்யாணத்துக்கு வராத. காரியத்துக்குக் கூப்புடுறேன்" என்றார். நான் சரி மாஸ்டர் என்றேன்.

அப்படியே ஆயிற்று. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எந்த ஊரில் படத்திறப்பு என்றாலும் என்னைத் தேடி ஆள் வரும். சர்ச்சுக்குப் போகிற குடும்பங்களும் கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் பஸ்ஸில் என் சட்டைப்பையில் மவுத் ஆர்கனைப் பார்க்கிற தெரிந்தவர்கள் வணக்கம்கூடச் சொல்லாமல், "யாருண்ணே தவறுனது?" என்றுதான் கேட்பார்கள். இழுத்து இழுத்து உள்ளே இருக்கிற ரீடு கம்மிப்போனால் வேறு மவுத் ஆர்கன் வாங்கிக்கொள்வேன். நெஞ்சு அப்படி இல்லை. இப்போது மாடிப்படி ஏறினாலே அது தானாக வாசிக்கிறது, நீங்கள்தான் கேட்கிறீர்களே.

அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள், "எனக்கு ஒண்ணே ஒண்ணு வாசிப்பா" என்று அவள் கேட்டிருந்தாள். ஊதுகிற பாட்டாக ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். காலையில் மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் சட்டைப்பையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி எந்த ஊர்லங்க?" என்று கேட்டார். நான்தான் பெண்ணின் அப்பா என்று அவருக்குத் தெரியாது. உள்ளே போய் மவுத் ஆர்கனை உங்கள் அம்மாவின் பையில் போட்டுவிட்டேன்.

தாலி கட்டி முடிந்ததும் அக்கா என் சட்டைப்பையைத்தான் பார்த்தாள். அது காலியாக இருந்தது. பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் வைத்ததையெல்லாம் சாப்பிட வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.