சகதிக்குள் புதைத்த முட்டை

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்பார்கள். மலக்குழிச் சகதியைச் சூடுகாட்டி உலர்த்தும் வேலையில் கோபப்படாமல் இருந்து பாருங்கள், தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலைக்கு வெளியே ஓர் உரக்கிடங்கில் வேலை பார்த்தேன். சத்திரங்களின் கக்கூஸ் குழிகளில் அள்ளிய சகதி அங்கேதான் வரும். முதல் வருஷம் வெயிலில் பரப்பினோம். மேலே பாளம் பாளமாக வெடித்ததும், காய்ந்துவிட்டது என்று நானே வண்டியில் ஏற்றிவிட்டேன். உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கிறது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக்கு அந்த எருவைப் போட்டார்கள்; அந்தக் கீழ்பென்னாத்தூர் கொல்லையில் என் பெரிய மகள் வெறுங்காலோடு களை எடுக்கப் போனாள். ரெண்டே மாதத்தில் வெளுத்துப்போனாள். கொக்கிப்புழு, பாதம் வழியாக ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"எவ்ளோ சூடு காட்டினா புழு சாவும்மா?" என்று கேட்டேன்.

"முட்டை கெட்டியா வேகற சூடு. ஒரு மணி நேரமாவது இருக்கணும்."

அதைப் பிடித்துக்கொண்டேன். தார் டின்னைப் பிரித்துத் தட்டிய தகட்டில் சகதியைக் கொட்டி, கீழே மல்லாட்டைத் தோலை எரித்து, நடுவில் ஒரு கோழிமுட்டையைப் புதைப்பேன். முட்டை வெந்தால்தான் வண்டி கிளம்பும். கிடங்கே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன்.

அந்த வருஷம் தீபத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தோல் நமுத்துப்போய் அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. திருவிழாக் கூட்டம் வருவதற்குள் கிடங்கைக் காலி பண்ண வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் குடையோடு வந்து நின்றார்.

"மேல காஞ்சிட்டுதே, ஏத்தும்மா."

"முட்டை வேகலீங்க."

"முட்டையாவது, மண்ணாங்கட்டியாவது! ஏத்தலைன்னா நாளையிலேர்ந்து வராத."

மகள் அப்போதுதான் மாத்திரை தின்று தேறிவந்தாள். என் கூலி நின்றால் வீட்டில் உலை ஏறாது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முட்டையைத் தோண்டியெடுத்துக் கழுவி, அவர் கண்ணெதிரே டம்ளரில் உடைத்து ஊற்றினேன். கொழகொழவென்று விழுந்தது.

"இத நீங்க குடிச்சிடுங்க. நான் ஏத்திடறேன்."

அவர் ரெண்டடி பின்னால் போனார். எரு ஏற்ற வந்திருந்த வண்டிக்காரர் ஒருவர், "எங்களுக்கும் இப்ப வேணாங்க" என்று மாட்டை வண்டியிலிருந்து அவிழ்த்துக் கட்டினார். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். "சரி, நாளைக்கு எரிச்சுப் பாரு" என்று ஒப்பந்தக்காரர் குடையைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காய்ந்த விறகு கொண்டுவந்து எரித்தோம். சாயங்காலம் ஒப்பந்தக்காரர் வந்தபோது முட்டை கெட்டியாக இருந்தது. கழுவி உரித்து, அவர் எதிரிலேயே நின்று முழுசாகத் தின்றேன். பிறகுதான் "ஏத்துங்க" என்றேன்.