ஆணி அடித்த சுவர்

எங்கள் அப்பாவுக்குச் சாமி கிடையாது. நெல்லித்தோப்பு வீட்டில் மற்ற சுவரெல்லாம் அம்மாவின் சாமிகளுக்கு. கூடத்தில் ஒரே ஒரு சுவர் மட்டும் அப்பாவுடையது. அதில் ஒரு காலண்டர்கூட மாட்டக் கூடாது. கல்யாணமான புதிதில் போட்ட ஒப்பந்தம் அது.

அப்பாவுக்குக் கோபம் வந்தால் சோற்றுத் தட்டு பறக்கும். ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் பயமுறுத்தியதில், கருவடிக்குப்பத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் மாடியில் நடத்திய ஜென் தியான வகுப்புக்குப் போனார். சாமி இல்லை, மந்திரம் இல்லை, சுவரைப் பார்த்துச் சும்மா உட்கார வேண்டும். அப்பாவுக்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருந்தது! முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரைக் கும்பிட வேண்டும் என்பதுதான் இடித்தது. "மனுசனுக்கு மனுசன் என்னாத்துக்குக் கும்புடு? ஒக்கார்றேன், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டாராம். பிரெஞ்சுக்காரரும் சரியென்று விட்டுவிட்டார்.

பிறகு வீட்டிலும் காலையில் தன் சுவர் முன்னால் உட்கார ஆரம்பித்தார். அம்மா விடுவாளா? "செவுத்தப் பாக்குற கண்ணு முருகரப் பாத்தா ஆவாதா?" என்று அந்தச் சுவரிலேயே ஓர் ஆணியை அடித்தாள். மறுநாள் அப்பா அந்த ஆணியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம். போன சண்டையில் நோணாங்குப்பத்துத் தாய்வீட்டுக்குப் போன அம்மா, ஒரு மாதம் திரும்பவேயில்லை.

அம்மா முருகர் படத்தோடு வந்தாள். அப்பா எழுந்திருக்கவில்லை. எழட்டும் என்று படத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். காலை வேளையில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அடுப்பில் குக்கர் கத்தியது. இருவரும் அசையவில்லை.

உட்கார்ந்தது முடிந்தது என்று அப்பாவின் செல்போனில் மணி அடித்தது. அப்பா திரும்பினார். அம்மாவைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து கும்பிட்டார்.

"ஐயே, இன்னாங்க இது, புள்ள பாக்குது!" என்ற அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான் தெருவுக்கு ஓடினேன். "எங்கப்பா முருகரக் கும்புட்டுட்டாரு!" என்று வீடு வீடாகச் சொன்னேன். அப்பா தோற்றார், அம்மா ஜெயித்தாள். எனக்கு அதில் துளி சந்தேகமில்லை. கேட்டவர்களிடம் அப்பாவும் இல்லையென்று சொல்லவில்லை.

திரும்பி வந்தால், அம்மா ஸ்டூல் மேல் ஏறி அந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முருகர் பழையபடி சமையலறைக்கே போயிருந்தார். ஜெயித்தவள் எதற்கு ஆணியைப் பிடுங்குகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.