மூன்று இலை நேர்ச்சை

என் மூத்த மகன் பிறந்த எட்டாம் மாதத்தில் வலிப்பு வந்து பிழைத்தவன். அவன் கண் திறந்த அன்றே சூசையப்பருக்கு நேர்ந்துகொண்டேன். அவர் திருநாளன்று ஏழைத் தகப்பன், தாய், பிள்ளை மூவரையும் அவரும் மாதாவும் பாலனுமான திருக்குடும்பமாக உட்காரவைத்து, கால் கழுவி, சோறு போட வேண்டும். பிறகு என் பிள்ளையை அந்தத் தாயின் மடியில் கிடத்தி ஆசீர்வாதம் வாங்க வேண்டும். எங்கள் வேதக்காரர் வீடுகளில் இது வழக்கம்தான். கூப்பிடுவது மட்டும் நம் வேதமாக, நம் சாதியாக இருக்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை, யாரும் மீறியதுமில்லை.

கண்டமங்கலத்தில் ஒரு குடும்பத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். முகம் பார்த்ததில்லை. காலை பாசஞ்சரில் வருவார்கள் என்று என் வீட்டுக்காரரை விழுப்புரம் ஜங்ஷனுக்கு விரட்டினேன். மூன்று பேரை அழைத்து வந்தார். ஆறு கால்களையும் கழுவினேன். அந்தப் பெண்ணின் கன்னத்தில் திட்டுத் திட்டாக மஞ்சள். ஒழுங்காகப் பூசக்கூடத் தெரியாத மகராசி என்று நினைத்துக்கொண்டேன். இலையில் சோறு விழுந்ததும் நாங்கள் சிலுவை போட்டோம். அவளோ மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கினாள். எனக்குப் பகீரென்றது.

வீட்டுக்காரரை அடுப்படிக்கு இழுத்துப் போனேன். "யாருங்க இவங்க?"

"பிளாட்பாரத்துல மூணு பேரா குந்திக்கினு இருந்தாங்க. சாப்பாட்டுக்கு வந்தவங்களான்னு கேட்டேன். எழுந்து வந்துட்டாங்க."

"பசிச்சவங்ககிட்ட அப்படிக் கேட்டா வரமாட்டோம்னா சொல்லுவாங்க? தலையில என்னதான் வச்சிருக்கீங்க!"

கூடம் வரை கேட்டுவிட்டது. அந்த மனிதர் இலையை விட்டு எழுந்தார். "பர்மாவிலேர்ந்து கப்பல்ல வந்தவங்கம்மா. இவ அந்த ஊருக்காரி, புத்தரைக் கும்பிடுறவ. திண்டிவனத்துல எங்கண்ணன் வூட்டுக்குப் போனோம். இவளைப் பார்த்துட்டு இடமில்லன்னுட்டாரு. இங்கயும் தப்பா வந்துட்டோம். போறோம்மா."

இடமில்லை. வருசா வருசம் கிறிஸ்துமஸ் பூசையில் அந்த வார்த்தையைக் கேட்டு, நிறைமாத மாதாவை விரட்டிய பெத்லகேம்காரர்களை மனசுக்குள் திட்டித் தீர்த்தவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பயம் போகவில்லை. நேர்ச்சை பிசகி, பிள்ளைக்கு மறுபடி வலிப்பு வந்துவிட்டால்?

"குந்துங்கண்ணா. பாதி இலையில எழுந்தீங்கன்னா பாவம் எனக்குத்தான்," என்றேன். அவர்கள் குழந்தை இந்த ரகளை எதுவும் தெரியாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்தது. தூளியிலிருந்து மகனை எடுத்தேன். மாதாவே என்று சொல்லி அவள் மடியில் கிடத்தினேன். அவள் தன் கன்னத்துப் பூச்சை விரலில் தொட்டு அவன் கன்னத்தில் வைத்தாள். அது மஞ்சளே இல்லை; ஏதோ மரப்பட்டையை அரைத்தது, சந்தனம்போல வாசம். யாரிடமும் போகாத என் பையன் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அழுகை முட்டிவிட்டது.

சாயங்காலம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அந்தக் கன்னத்தை மட்டும் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "கண்டமங்கலத்துப் புள்ளைக்குக் காய்ச்சலாம், அவங்க வரலையாமே! உன் நேர்ச்சை என்னாடி ஆச்சு?"

"யாருக்கா சொன்னது? மூணு பேரும் வந்து சாப்பிட்டுத்தான் போனாங்க," என்றேன்.