முயலை வயிறு காயப்போட்ட கோடை

முயலுக்கு வயிறு வலித்தால் அது கத்தாது, பல்லைக் கடிக்கும். செருப்பின் அடியில் ஒட்டிய கடல்மணல் சிமெண்டுத் தரையில் தேய்வது போன்ற, காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் மட்டுமே கேட்கிற நறநறப்பு அது. ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் எங்கள் சீனி அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தபோது, தடவிக்கொடுக்கும் சுகத்தில்தான் அது சத்தம் போடுகிறதென்று நினைத்து நான் மேலும் மேலும் தடவிக்கொண்டிருந்தேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அணு ஆராய்ச்சி வேலைக்கு வந்தவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். மாற்றலாகி வடக்கே போன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போன இரண்டு முயல்களை அப்பா ஒரு பழக்கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். வெள்ளை முயலுக்குச் சீனி என்றும் சாம்பல் நிறத்ததற்குச் சாம்பல் என்றும் நான் பெயர் வைத்தேன். பால் பிஸ்கட், இட்லி, காரட், மிஞ்சிய சோறு என்று எங்களுக்குப் பிடித்ததையெல்லாம் அவற்றுக்கும் கொடுத்தோம். அவை தின்றன என்பதாலேயே அவற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்று முடிவுகட்டினோம். விடியற்காலையில் சாம்பல் குனிந்து தன் பின்புறத்திலிருந்தே ஏதோ மெத்தென்றதை எடுத்துத் தின்பதைப் பார்த்த அம்மா, "சீ, பீயத் திங்குது" என்று அன்று முதல் விளக்குமாற்றைத் தரையில் தட்டி அதை விரட்டத் தொடங்கினாள்.

மே மாதத்தில் ஒருநாள் சீனி பிஸ்கட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொண்டைக்கடலை போல உருண்டையாகப் போட்டுக்கொண்டிருந்த புழுக்கை, அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மிளகளவுக்குச் சிறுத்து, முடியில் கோத்த மணிபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்ததை நான்தான் பெருக்கித் தள்ளினேன். ஆனால் அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கு வயிறு கெட்டாலும் ஒரே வைத்தியம்தான்: "காயப்போடுறது." ஒருநாள் முழுக்கச் சுக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. அப்பா சீனியின் தட்டை எடுத்து மேலே வைத்தார். "வயிறு காயட்டும், தானாப் பசிக்கும்" என்றார். மறுநாள் மதியம் சீனி கால்களை நீட்டிப் படுத்தது. நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டது. அப்பா வாதாம் மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்.

மூன்று வாரம் கழித்துச் சாம்பலும் அதேபோல் குறுகி உட்கார்ந்தது. அப்பா தட்டை எடுத்து மேலே வைத்துவிட்டு அலுவலகத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, கொல்லையில் செடி வெட்டிக்கொண்டிருந்த கன்னியம்மா கதவருகே வந்து நின்றார். குடியிருப்பின் புல்வெளிகளை வெட்டவும் செடிகளைக் கத்தரிக்கவும் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிப் பெண்களில் அவர் ஒருவர். முப்பது வயதிருக்கும். வீட்டில் கறிக்காக முயல் வளர்க்கிறவர் என்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எங்கள் வாசலுக்கு வந்து அவர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

"சாரு, கோச்சுக்காதீங்க. முயலுக்குப் பட்டினி ஆவாது. அதுக்குக் கொடலு ஓடிக்கினே இருக்கணும். நின்னுச்சின்னா அவ்ளோதான்."

அப்பா பித்தான் போடுவதை நிறுத்தினார். அப்படியென்றால் சீனி பட்டினி கிடந்தபோதே ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள். குரலில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"சாரு படிச்சவரு. நான் புல்லு வெட்றவ. இன்னான்னு வந்து சொல்றது?" என்றார் கன்னியம்மா, அரிவாளின் பிடியைப் பார்த்தபடி.

அப்பா போட்ட சட்டையோடு ஸ்கூட்டரை எடுத்தார். நான் பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனோம். கன்றுகளையும் ஆடுகளையும் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றிருந்த "மாட்டாஸ்பத்திரி" வரிசையில் கூடையோடு நின்ற எங்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. சாம்பலின் வயிற்றை இரண்டு பக்கமும் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, பிசைந்த மாவு போலத்தான் இருக்கிறது, மத்தளம்போல் உப்பிக் கெட்டிப்பட்டிருந்தால் வாய்வழியாக எதையும் திணித்திருக்கவே கூடாது என்றார். முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது முன்னால்தான் நகர வேண்டும், அதை நகர்த்துவது புல்லின் நார் என்றும் சொன்னார். விடியற்காலையில் அது தின்னும் மெத்தென்ற உருண்டை கழிவல்ல, ஒருமுறை செரித்ததில் மிஞ்சிய சத்து, அதைத் தடுக்காதீர்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு அம்மாவின் விளக்குமாறு ஞாபகம் வந்தது. தோலுக்கடியில் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றி, குடலை நகர்த்த ஒரு மருந்தும் கொடுத்து, பசும்புல்லை அரைத்துப் புகட்டச் சொல்லி ஊசி நீக்கிய சிரிஞ்சு ஒன்றை அப்பாவிடம் நீட்டினார்.

வீடு திரும்பியபோது கன்னியம்மா ஒரு கட்டு அறுகம்புல்லை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா அதையும் கொத்தமல்லித் தழையையும் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்தாள். இட்லிக்கு அரைக்கும் ஜாரில் மாட்டுத் தீனியா என்று முனகினாலும் நிறுத்தவில்லை. புரையேறாமலிருக்க வாயோரமாகச் சிரிஞ்சை நுழைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவது அப்பாவின் வேலை. துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வதும், இடையிடையே வயிற்றை வருடிவிட்டு நாலடி நடக்கவிடுவதும் என் வேலை. அலுவலகத்தில் மணிக்கொருமுறை மீட்டரின் அளவைக் குறிக்கிற மனிதர், அன்று என் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு புகட்டினோம் என்று எழுதி, புழுக்கைக்கு ஒரு தனிப் பத்தியும் வைத்தார். அந்தப் பத்தி பொழுது சாயும்வரை காலியாகவே கிடந்தது.

மறுநாள் காலை சாம்பல் படுத்திருந்த சாக்கின் மேல் மூன்று புழுக்கைகள் கிடந்தன. சிறியவை, கோணலானவை, முடி ஒட்டியவை. அப்பா அவற்றை ஒரு காகிதத்தில் ஏந்தியபடி, கைலியோடும் பனியனோடும், அதற்குமுன் ஒருநாளும் அப்படி வெளியே வராதவர், தெருமுனையில் புல் வெட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் போனார். கன்னியம்மா எட்டிப்பார்த்துவிட்டு, "இனிமே பொழச்சிக்கும். கைய சோப்பு போட்டுக் கழுவுங்க சாரு" என்றார். மற்றப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

சாம்பல் அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு மேல் எங்களோடு இருந்தது. பிஸ்கட்டும் சோறும் நின்றுபோய்ப் புல்லே சாப்பாடானது.

இப்போது நான் பொத்தேரிப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். மேல்தளத்து மாணவிகள் பால்கனியில் முயல் வளர்க்கிறார்கள். காய்ந்த புல் பாக்கெட்டில் கூரியரில் வருகிறது. அப்பா இறந்த மறு ஆண்டு கன்னியம்மாவைத் தேடிப் போனேன். அவர் ஊர் எல்லையிலிருந்த சவுக்குத் தோப்பு வர்ணக் கல் நட்ட மனைகளாகியிருந்தது. அவர் வீட்டில் முயல் கூண்டு இருந்ததாகக் காட்டிய இடத்தில் பேரனின் மோட்டார் சைக்கிள் நின்றது. வளர்ப்பதை விட்டுப் பல வருஷமாகிறதாம், புல்லுக்கு எங்கே போவது என்றார். கிளம்பும்போது, இரண்டாவது தடவை மட்டும் எப்படிச் சொல்லத் துணிந்தீர்கள் என்று கேட்டேன்.

"மொத முயலு செத்தன்னிக்கி அங்கதான் செடி வெட்டிக்கினு இருந்தேன். குழி தோண்ட உங்கப்பா கடப்பாரை கேட்டாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன், கண்ணு. அதுக்கு மட்டும் கை நீண்டுச்சி. வூட்டுக்குப் போயி ரெண்டு நாளு எனுக்குச் சோறு எறங்கல."

அப்பாவிடம் இதை அவர் கடைசிவரை சொல்லவில்லை.